மச்சான் கழித்த நிலவொளி

இந்த நாற்காலி ஆடுகிறது. ஒரு காலுக்கடியில் காகிதத்தை மடித்து வைத்தால் சரியாகிவிடும். நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. பேசாமல் காத்திருப்பது எனக்குப் பிடித்தமான காரியம். வானாய்வுக் கூடத்தில் பாதி வேலை அதுதான்.

மீதி வேலை இது. ஒரே வாயுமேகத்தில் பிறந்த இரட்டை நட்சத்திரங்களில் எல்லாத் தனிமங்களும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் இரும்பு கூடுதலாக இருந்தால், அது தன்னைச் சுற்றிய கோளை விழுங்கியிருக்கலாம். வாயைத் துடைத்துக்கொண்டாலும் அதன் ஒளி காட்டிக்கொடுத்துவிடும். அப்படியொரு ஜோடியைக் கண்டுபிடித்தவன் நான். என் பெயரும் பதவியும் அந்த மங்கலான நட்சத்திரம் போட்ட பிச்சை. அதைப் பற்றிய என் புத்தகம் அச்சுக்குப் போக இருந்தது.

என் மனைவியின் தம்பியை வானாய்வுக் கூடத்தில் வேலைக்குச் சேர்த்ததும் நான்தான். கெட்டிக்காரன், அவனிடம் இருந்த ஒரே குறை அதுதான். ஒருநாள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தான்.

"அத்தான், உங்க நட்சத்திரம் பாவம், பட்டினியா கிடக்கு. அது எதையும் முழுங்கல."

"அப்ப இரும்பு எங்கேருந்து வந்துச்சு மச்சான்?"

"முழு நிலா காயும்போது படம் எடுத்திருக்கீங்க. நிலா வெளிச்சம்னா சூரிய வெளிச்சம்தானே? சூரியனோட நிறமாலைல இரும்பு விடுற கோடெல்லாம் அதுல கலந்துடுச்சு. மங்கல் நட்சத்திரம் வேற, நல்லா ஏறிடுச்சு. நீங்க கழிக்க மறந்துட்டீங்க. நான் கழிச்சேன். ரெண்டு நட்சத்திரமும் ஒண்ணுதான்."

நான் அவன் மடிக்கணினியை மூடினேன்.

"அக்காகிட்ட மூச்சு விடல. புத்தகத்தை நீங்களே நிறுத்திடுங்க அத்தான். இல்லேன்னா நான் எழுதிப் போட வேண்டியிருக்கும்."

வெகுநேரம் இருவரும் பேசாமல் இருந்தோம். அதை அவன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். வானியலில் சாமர்த்தியம் இருந்த அளவுக்கு அவனுக்கு மனிதர்களிடம் இல்லை.

நட்சத்திர ஒளியைப் பிரித்துப் பார்க்கும் எங்கள் கருவியைக் குளிர்விக்கத் தினமும் மதியம் திரவ நைட்ரஜன் ஊற்ற வேண்டும். கருவி அறை தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாமல் இருக்கிறது. நைட்ரஜன் விஷமல்ல. நாம் மூச்சில் இழுப்பதில் பெரும்பகுதி அதுதான். அளவு மீறினால் மட்டும், உள்ளே இருக்கும் நல்ல காற்றை ஓசையின்றி வெளியே தள்ளிவிடும். வாசனைகூடக் கிடையாது, அவ்வளவு அடக்கமான வாயு. அதனால்தான் அங்கே விசிறியும் எச்சரிக்கை மணியும் வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் கசியும் பழைய நைட்ரஜன் உருளையை நான் உள்ளே உருட்டி வைத்தேன். அவன் இறங்கியதும் மேலே இருந்த பொத்தானைத் தட்டி விசிறியை நிறுத்தினேன்.

"அத்தான், மணியைக் காணோமே?"

"ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன். நீ ஊத்து."

கதவைப் பூட்டவில்லை, அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மேல் படியில் உட்கார்ந்துகொண்டேன். அந்த அறையில் அவனைத் தனியாக விடக் கூடாது என்று என் மனைவி பலமுறை சொல்லியிருக்கிறாள். கீழே ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. பிறகு எனக்குப் பிடித்த அமைதி.

ஆம், நான்தான் செய்தேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

புத்தகம் ஒரு வரிகூட மாறாமல் வெளிவந்துவிட்டது. முதல் பக்கத்தில் அவனுக்குத்தான் சமர்ப்பித்திருக்கிறேன். அதைப் படித்து என் மனைவி அழுதாள். எனக்கும் ஒரு வருத்தம் உண்டு, ஐயா. நிதானமாக யோசித்துப் பார்க்க இன்னும் கொஞ்ச நாள் கிடைத்திருந்தால், மச்சானும் என் முடிவுக்கே வந்திருப்பான்.