பார்த்துக்கொண்டிருக்கிறேன்

இன்ஸ்பெக்டர் ஐயா, உயிரில்லாமல் வரும் லேப்டாப்புகளில் பாதிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிரப்பர் போதும். மெமரிப் பட்டையைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை நான்கு இழுப்பு தேய்த்துத் திரும்பச் செருகினால் திரை எழுந்துவிடும். நடந்ததை வரிசையாக எழுதச் சொன்னீர்கள். ஆகவே ரப்பரிலிருந்து தொடங்குகிறேன்.

மருந்துக்கடை அக்கா என் பழுதுபார்க்கும் கடைக்கு முதலில் வந்தது ஒரு வியாழக்கிழமை, மாலை நான்கு மணி. வியாழன் அவருக்கு அரைநாள் விடுப்பு. லேப்டாப் அவர் மகளுடையது. அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் அம்மாவுக்கென்று அதில் பேசி வீடியோ பதிவு செய்துவிட்டுப் போன மகள், திரும்பி வரவில்லை. பிறகு அலமாரியில் கிடந்த லேப்டாப்பும் எழவில்லை.

"அவ என்ன சொன்னான்னு ஒரு தடவை கேட்டாப் போதும் தம்பி," என்று கடவுச்சொல்லை ஒரு மாத்திரைக் கவரில் எழுதிக் கொடுத்தார்.

அவர் போன கால்மணி நேரத்தில் ரப்பர் தன் வேலையை முடித்துவிட்டது. பதிவு ஓடுகிறதா என்று சரிபார்ப்பது என் கடமை. ஓடியது. ஆறு நிமிடம்.

அடுத்த வியாழன் அவர் வந்தபோது கொடுத்திருக்கலாம். ஆனால் முக்காலியில் உட்கார்ந்ததும், "சாப்டீங்களா தம்பி?" என்று கேட்டார். என்னை யாரும் அப்படிக் கேட்டு வெகுகாலம். "என்னாச்சு?" என்று அடுத்துக் கேட்டதற்கு, "பாத்துக்கிட்டிருக்கேன்க்கா" என்றேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்: அது பொய்யில்லை. அந்த வாரம் ஒன்பது தடவை பார்த்திருந்தேன்.

அதன்பின் வியாழன் என்றால் இரண்டு மணிக்கே எனக்குக் கை ஓடாது, கால் ஓடாது. முக்காலியைத் துடைப்பேன். வாசலுக்குப் போவேன், வருவேன், மறுபடி துடைப்பேன். மூன்றே முக்காலுக்கு மெமரிப் பட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வேன். அவர் தானே பொத்தானை அழுத்திப் பார்ப்பார். விசிறி சுற்றும், திரை எழாது. கறுத்த திரையில் எங்கள் இரண்டு முகமும் தெரியும். பிறகு அவர் மகளைப் பற்றிப் பேசுவார். நான் கேட்பேன்.

"பாத்துக்கிட்டிருக்கேன், பாத்துக்கிட்டிருக்கேன்னே சொல்றீங்க. பேசாம எனக்கும் ஒரு நம்பர் சீட்டு ஒட்டி அந்த ரேக்ல வச்சிடுங்க" என்று ஒரு நாள் சிரித்தார். மகள் போனபின் அவர் சிரித்தது அன்றுதான் என்று அவரே சொன்னார். ஐந்து மாதம் இப்படி நல்லபடியாகவே போனது.

பிறகு ஒரு வியாழன், "கொழுந்தன் பெரிய கடைக்குக் கொண்டுபோறேங்கறாரு தம்பி. தப்பா நெனச்சுக்காதீங்க. அடுத்த வாரம் எடுத்துக்கிறோம்" என்றார்.

நான் தப்பாக நினைக்கவில்லை. அந்த ஆறு நாளும் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். புதன்கிழமை மதியம் பதிவை அழித்தேன். அழித்த இடத்தில் வேறு எதையெதையோ மூன்று முறை எழுதி நிரப்பினேன். எந்தக் கடையாலும் மீட்க முடியாது. வேலையை அரைகுறையாக விடும் பழக்கம் எனக்கில்லை. அழித்த தேதியைப் பெரிய கடையில் கண்டுபிடித்ததும் சரியே. அதை மறைக்க நான் முயலவில்லை.

நகல் எடுத்தாயா என்று மூன்று முறை கேட்டீர்கள். இல்லை. நகல் இருந்தால் அக்கா ஒரே நாளில் வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

அந்தப் பெண் சொன்னது எனக்கு வரிவரியாக மனப்பாடம். எங்கே இருமுவாள், எங்கே சிரித்துச் சமாளிப்பாள் என்பதுகூட. "அம்மா, தனியா உக்காந்து அழாத. வெளிய போ, யார்கிட்டயாவது பேசு" என்று நடுவில் சொல்கிறாள். அவள் கேட்டதைத்தானே நான் செய்து கொடுத்தேன்?

மீதியைத் தாளில் எழுதமாட்டேன். ஒரே மூச்சில் கேட்டால் அக்கா தாங்கமாட்டார். வாரம் ஒரு வரியாகச் சொல்வதுதான் முறை. வியாழன் நான்கு மணிக்கு இங்கே வரச் சொல்லுங்கள். அவர் உட்கார ஒரு முக்காலி வேண்டும். துடைத்து நானே வைத்துக்கொள்கிறேன்.