நெஞ்சுவலிக்காரர்

குமுளியிலிருந்து தேனி போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். பிள்ளைகள் இருவரும் அவர்கள் மடியில் உறங்கினார்கள். கணவரின் மூக்கு வெயிலில் தோலுரிந்திருந்தது. சின்னமனூர் தாண்டியதும் அந்தம்மா சொன்னார்:

“வீரபாண்டியில நெஞ்சப் புடிச்சிக்கிட்டே இறங்குங்க.”

“பஸ்ஸுல வச்சு என்ன பேச்சு இது?”

“திருவிழாவுக்கு வரலைன்னா உங்க அக்கா கோவிச்சுக்கிருவாகன்னு, நெஞ்சுவலி, திருவனந்தபுரத்துல ஆஸ்பத்திரின்னு சொன்னது நீங்கதான?”

“கோவளத்துக்குப் போறோம்னு சொல்ல முடியுமா? புள்ளைக ஆசைப்பட்டுச்சுக.”

“அலைக்கு மேல பலகையில நின்னு கூப்பாடு போட்டது புள்ளைகளா?”

அவருக்குப் போன் வந்தது. “சரி, அத்தான்” என்று மட்டும் சொல்லி வைத்தார்.

“அக்கா வீட்டு அண்ணன் என்ன சொன்னாக?”

“எனக்குச் சொகமாகணும்னு அக்கா அக்கினிச்சட்டி நேந்துக்கிருச்சாம். நேத்துலருந்து பட்டினி. என்னயப் பாத்துட்டுத்தான் சட்டிய எடுப்பேன்னு பஸ் ஸ்டாப்புல நிக்கிதாம்.”

“ஆத்தாடி.”

“தேனிக்கே போயிருவமா?”

அந்தம்மா பிள்ளைகளைத் தட்டி எழுப்பினார். வீரபாண்டியில் பஸ் நின்றது. அவர் நெஞ்சைப் பிடிக்காமல், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு இறங்கினார். மஞ்சள் சேலையில் வெறுங்காலோடு நின்ற பெண் ஓடிவந்து துண்டை விலக்கினார். ஜன்னல் வழியே கேட்டது:

“ஆத்தி! ஆஸ்பத்திரியில என் தம்பிய இப்படிக் கருக்கிப்புட்டாகளே!”