சாய்ந்த சுவரும் உமாராவின் மடலும்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் நகர நீதிபதி காழி அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே, மாடத்தில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, கடைகளை அடைத்துவிட்டு வந்திருக்கும் ஹலப் நகரத்து நண்பர்களே! அனைவருக்கும் என் ஸலாம். நின்று பேசக் காலில் வலுவில்லை. அமர்ந்தே பேசுகிறேன், பொறுத்தருளுங்கள்.

வானியல் அறிஞர் உமாரா இப்னு ஸலாமாவை அடக்கம் செய்து நாற்பது நாள் ஆகிறது. அவருடைய முதல் சூரிய அட்டவணையைப் பொன் மையில் எழுதிப் பள்ளிவாசலில் வைக்கப்போகிறார்களாம். புகழ்ந்து பேச என்னை அழைத்தார்கள். களைத்துப்போனவன் நான், நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

பத்தொன்பது ஆண்டுகள்! பனியிலும் நண்பகல், புழுதியிலும் நண்பகல், அவர் தம் பிள்ளையைப் பறிகொடுத்த அன்றும் நண்பகல். கற்சுவரில் செதுக்கிய அளவுகோலில் சூரியனின் உயரத்தை அவர் அளந்தார், நான் எழுதினேன். ஆண்டுப் பயணத்தில் சூரியன் மிக மெதுவாகச் செல்லும் இடம் நிலையானது என்றார்கள் முன்னோர். அது நகர்கிறது என்றார் உமாரா. எவ்வளவு என்றும் கணித்தார். அந்த அட்டவணையை ஐந்து நகரங்கள் படியெடுத்தன.

பிறகு நிலம் அதிர்ந்தது. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன். சுவர் ஒரு கோதுமைமணி அளவு சாய்ந்திருந்தது. விரிசலுக்குள் பாசி. அது பழைய சாய்வு! அப்படியானால் அந்தச் சுவரில் நாங்கள் எடுத்த அளவுகளை நம்ப முடியாது.

"ஷைகு, யாருக்கும் தெரியாது. பூசிடலாம்," என்றேன்.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே, ஷுஐப்."

"பத்தொன்பது வருஷம் ஷைகு! உங்களுக்கு வயசு ஐம்பத்தெட்டு."

"அதான் சீக்கிரம் கொத்தனாரைக் கூப்பிடுன்னு சொல்றேன்."

'என் கணக்கை நம்பாதீர்கள்' என்று ஐந்து நகரங்களுக்கும் மடல் எழுதினார். குளியல்கூடத்தில் கேட்டார்களே, "ஷைகு, இன்னிக்குச் சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும்?" என்று! சிரித்தவர்கள் இங்கேயும் இருக்கிறீர்கள். நானும் கோபித்துக்கொண்டு ஓராண்டு அவர் பக்கம் போகவில்லை. திரும்பிப் போனபோது, "வந்தியா? எழுது," என்றார். அவ்வளவுதான்.

என்ன கேட்கிறீர், நெசவாளரே? புதுச் சுவர் என்ன சொன்னது என்றா? ஏழாண்டு அளந்தோம். அந்த இடம் நகர்வது உண்மை. அவர் முதலில் எழுதிய அளவு தவறு. சரியான அளவு கிடைக்குமுன் போய்விட்டார்.

காழி அவர்களே, அந்த அட்டவணையை வைக்காதீர்கள். அவர் எழுதிய மடலை வையுங்கள். மறைக்கச் சொன்னவன் ஷுஐப் என்று அதன் கீழே எழுதுங்கள்.

இவ்வளவு நேரம் செவி கொடுத்தீர்கள், நன்றி. இறைவனின் அமைதி உங்கள் இல்லங்களில் நிலவட்டும். ஸலாம்.