மேல்வீட்டுச் சத்தம்

எனக்கு இடது காது சரியாகக் கேட்காது. முப்பத்தோரு வருடம் அச்சகத்தில் தாள் மடிக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே நின்றவன். ஓய்வு பெற்ற அன்று முதலாளி ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார். அதன் டிக் டிக் பொறுக்காமல் மறுவாரமே பேட்டரியைக் கழற்றிவிட்டேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், சத்தம் என்றால் என்னவென்று தெரியாத ஆள் இல்லை நான். சும்மா பொழுதுபோகாமல் புகார் எழுதுகிறவனும் இல்லை.

எங்களுடையது அரசு வாடகைக் குடியிருப்பு. நான்கு மாடி, மாடிக்கு நான்கு வீடு. இந்த வீடு கிடைக்க நானும் என் மனைவியும் ஒன்பது வருடம் காத்திருந்தோம். இரண்டாவது மாடி, படிக்கட்டை ஒட்டிய வீடு. ஒரு கூடம், ஒரு அறை, இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாத சமையலறை. எங்களுக்கு நேர் மேலே, மூன்றாவது மாடியில் தையல்காரம்மா இருந்தார். குடியிருப்பில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஐம்பது வயது இருக்கும். கணவர் இல்லை. ஒரே மகன், லாரி ஓட்டுகிறான். கிளம்பினால் திரும்பி வர மூன்று வாரம் ஆகும்.

அந்த அம்மா வீட்டிலேயே தைப்பார். மோட்டார் வைத்த மெஷின். காலை ஒன்பதுக்குத் தொடங்கும். கொஞ்சம் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். தொடர்ந்து ஓடினால் பழகிப்போயிருக்கும். அச்சக இயந்திரம் அப்படித்தான், ஓடினால் ஓடிக்கொண்டே இருக்கும். இது அப்படி இல்லை. நின்ற பிறகு எப்போது தொடங்கும் என்று காத்திருக்க வேண்டியிருந்தது. நான் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு காத்திருப்பேன்.

என் மனைவிக்கு அது கேட்கவே இல்லை.

"ஏங்க, அந்தம்மா தைக்கிறது உங்களுக்கு இடி மாதிரியா கேக்குது? ரெண்டு காதும் நல்லா இருக்கிற எனக்கே ஒண்ணும் கேக்கல" என்றாள்.

"உனக்கு எதுதான் கேட்டிருக்கு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.

உண்மையைச் சொல்வது என்று உங்கள் எதிரே உட்கார்ந்துவிட்ட பிறகு இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடியிருப்பில் நிஜமான தொந்தரவு கீழ்த்தளத்தில் இருந்தது. நாலைந்து பேர். குடித்துவிட்டுப் பாட்டில்களைப் படிக்கட்டில் உடைப்பார்கள். போகிற வருகிற பெண்களை ஏதாவது சொல்வார்கள். ஒரு முறை தண்ணீர்த் தொட்டி மூடியைக் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டார்கள். அவர்களைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதியது இல்லை. எழுதினால் திருப்பி ஏதாவது செய்வார்கள். தையல்காரம்மா எதுவும் செய்ய மாட்டார். அது எனக்கு முதலிலேயே தெரியும்.

குடியிருப்பு அலுவலகத்தில் புகார்ப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு பெண் அதிகாரி. பொறுமைசாலி. நான் நான்காவது தடவை போனபோது, பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "ஐயா, வாயால சொன்னா எங்களால நடவடிக்கை எடுக்க முடியாது. ஒரு நோட்டுப் போடுங்க. தேதி, நேரம், என்ன சத்தம், எவ்வளவு நேரம், உங்களுக்கு என்ன பாதிப்பு. எல்லாத்தையும் எழுதிட்டு வாங்க."

என்னைத் தட்டிக்கழிக்கத்தான் சொன்னார் என்று இப்போது நினைக்கிறேன். இருபது நாளில் சோர்ந்துவிடுவேன் என்று கணக்குப் போட்டிருப்பார். ஆனால் எனக்கு அந்த நோட்டு ரொம்பப் பிடித்துவிட்டது. ஸ்கேல் வைத்து ஐந்து கட்டம் போட்டேன். எழுந்ததும் பேனாவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் பல் துலக்குவேன். 'கத்தரிக்கோல் கீழே விழுந்தது, ஒரு முறை, நெஞ்சு படபடப்பு.' 'நாற்காலி இழுத்தது, நான்கு வினாடி, தலைவலி.' இரவு எட்டரை மணி வரை ஓடிய மெஷினை ஒன்பதரை என்று சில நாள் எழுதியிருக்கிறேன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் அந்த அம்மாவே இறங்கி வந்தார். கையில் இரண்டு தலையணை உறை, புதுசாகத் தைத்தது. "அண்ணா, என்னால உங்களுக்குத் தொந்தரவுன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. மெஷினுக்கு அடியில கம்பளி மடிச்சுப் போட்டிருக்கேன். இன்னும் கேக்குதுன்னா சொல்லுங்கண்ணா, நேரத்தை மாத்திக்கிறேன்" என்றார். என் மனைவி உறைகளை வாங்கிக்கொண்டு அவரை உட்காரச் சொன்னாள். நான் உள்ளே போய் எழுதினேன்: 'புகார்தாரருக்குப் பொருள் கொடுத்துப் புகாரைத் திரும்பப் பெற வைக்க முயற்சி.'

என் மனைவி அதைப் படித்துவிட்டாள். மகளுக்குப் பிரசவ நேரம், துணைக்குப் போய்வருகிறேன் என்று அந்த வாரமே கிளம்பினாள். பேரன் பிறந்து, நடந்து, பேசவும் தொடங்கிவிட்டான். அவள் வரவில்லை. தலையணை உறைகளையும் எடுத்துக்கொண்டு போயிருந்தாள். சத்தத்தினால் குடும்ப வாழ்க்கைக்குப் பாதிப்பு என்று அதற்கும் ஒரு வரி எழுதினேன்.

இரண்டு எச்சரிக்கைக் கடிதம் போன பிறகு விசாரணை வைத்தார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் தையல்காரம்மா, இந்தப் பக்கம் நான். மகன் ஊரில் இல்லை. அந்த அம்மாவின் விரல் நுனியெல்லாம் ஊசி குத்திக் கறுத்திருந்தது. அதிகாரி ஒரு தாளை நகர்த்தி, "இனி இந்த மாதிரி ஒரு புகார் பதிவானா வீட்டைக் காலி பண்ண வேண்டியிருக்கும்மா. அதுக்கு மேல என் கையில எதுவும் இல்ல" என்றார். தையல்காரம்மா கையெழுத்துப் போட்டார். வெளியே வரும்போது என்னிடம், "இந்த வீட்டை விட்டா எனக்குப் போக இடம் இல்லண்ணா" என்றார். விதிமுறையைப் பின்பற்றினால் போதும் என்றேன்.

அவர் பின்பற்றினார். மெஷினைத் தெரிந்த கடையில் கொடுத்து வைத்துவிட்டு, கைத்தையல் வேலை மட்டும் வாங்கிச் செய்தார். நாற்காலிக் காலுக்குத் துணி சுற்றினார். கதவுக்கு அடியிலும் துணி. வீட்டுக்குள் காலுறை போட்டுக்கொண்டு நடந்தார். குக்கர் விசில்கூட இல்லை. மூன்று மாதம் புகார் இல்லாவிட்டால் கோப்பை மூடிவிடுவோம் என்று அலுவலகத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்தது.

அந்த நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று சொன்னால் உங்களுக்கு விளங்குமோ என்னவோ. நோட்டில் தேதி மட்டும் இருக்கும், எதிரே ஒன்றும் இருக்காது. ஸ்டூல் போட்டு ஏறி, நல்ல காதைக் கூரையோடு ஒட்டி வைப்பேன். கழுத்து வலிக்கும்வரை நிற்பேன். ஏதோ ஒரு தண்ணீர்க் குழாய் ஓடும், அவ்வளவுதான். வீட்டில் பேசவும் ஆள் இல்லை.

எழுபத்தாறாவது நாள், வியாழக்கிழமை, காலை பத்து இருபதுக்கு மேலே ஒரு பெரிய சத்தம். கனமாக ஏதோ விழுந்த மாதிரி. நான் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுதினேன்.

பத்து முப்பத்தைந்துக்குத் தட்டல் தொடங்கியது. தரையில், கத்தரிக்கோல் பிடியால் தட்டியிருக்க வேண்டும். மூன்று தட்டு, இடைவெளி, மறுபடி மூன்று. பலமாக இல்லை. அக்கம்பக்கத்துக்குக் கேட்காமல் எனக்கு மட்டும் கேட்கிற அளவில் தட்டினார். அன்று மட்டும் நாற்பத்தொரு முறை. ஒவ்வொன்றுக்கும் நேரம் போட்டிருக்கிறேன். பக்கம் போதாமல் ஓரத்திலும் எழுதினேன். மத்தியானம் சாப்பிட்டதாக நினைவில்லை.

வெள்ளிக்கிழமையும் தட்டல் இருந்தது. பத்தொன்பது முறை. இரண்டு தட்டு, சில நேரம் ஒன்று. சனி, ஞாயிறு ஒன்றுமில்லை.

திங்கட்கிழமை அலுவலகம் திறந்ததும் நோட்டைக் கொண்டுபோய் அதிகாரியிடம் கொடுத்தேன். படித்துக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

"என்னய்யா இது, மூணு மூணாத் தட்டினாங்கன்னு எழுதியிருக்கீங்க?"

"ஆமாம்மா. விதிமீறல்."

"மேல போய்ப் பாத்தீங்களா?"

நான் நோட்டின் அடுத்த பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. போனை எடுத்தார். எண்ணை அழுத்த முடியாமல் இரண்டு தடவை தப்பாக அழுத்தினார்.

கதவை உடைத்து உள்ளே போனது, இடுப்பு எலும்பு முறிந்திருந்தது, தண்ணீர்ப் பானை நான்கு அடி தூரத்தில் இருந்தது, இதெல்லாம் நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும், இன்ஸ்பெக்டர் ஐயா. சனிக்கிழமை சாயங்காலம் வரை உயிர் இருந்திருக்கலாம் என்று டாக்டர் எழுதியிருப்பதாகவும் சொன்னீர்கள். மகன் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தான். படிக்கட்டில் என்னைப் பார்த்தான். அடிப்பான் என்று நினைத்தேன். "எங்கம்மா உங்களைப் பத்தி ஒரு நாளும் தப்பாப் பேசினதில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே போனான்.

நேற்று நீங்கள் என்னிடம் கேட்டீர்கள்: "காது மந்தம், சரியாக் கேக்கல, புரியல, அப்படின்னு ஏதாவது இருக்கா?" எனக்கு ஒரு வழி காட்டத்தான் கேட்டீர்கள் என்று நினைக்கிறேன். நன்றி. ஆனால் அப்படி இல்லை. நன்றாகக் கேட்டது. முதல் மூன்று தட்டிலேயே புரிந்தது. விழுந்துவிட்டார், எழுந்திருக்க முடியவில்லை, என்னைக் கூப்பிடுகிறார். அது புரிந்துதான் 'தரையில் தட்டுதல், வேண்டுமென்றே' என்று எழுதினேன்.

நோட்டில் எழுதாதது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு நான் மேலே போனேன். படிக்கட்டில் யாரும் இல்லை. கதவுக்கு வெளியே அந்த அம்மாவின் செருப்பு ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்திருந்தது. நான் நின்றேன். உள்ளேயிருந்து குரல் வந்தது, காய்ந்த குரல்.

"யாரது? கீழ்வீட்டு அண்ணனா?"

நான் கதவை விட்டு ஓரடி தள்ளி நின்றேன்.

"விழுந்துட்டேண்ணா. இடுப்பு அசையல. கதவு உள்ள தாழ் போட்டிருக்கு. யாரையாச்சும் கூட்டிட்டு வாங்கண்ணா."

கூட்டி வருவதற்கு எதுவும் தடையில்லை. எதிர் வீட்டில் ஆள் இருந்தது, ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. நான் யோசித்தேன். ஆஸ்பத்திரிக்குப் போவார், திரும்பி வருவார். நான்தான் காப்பாற்றினேன் என்று குடியிருப்பு முழுக்கச் சொல்வார். ஏதாவது தைத்து எடுத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நிற்பார். அதன் பிறகு நான் அவரைப் பற்றி என்ன எழுத முடியும்? கோப்பு மூடிவிடும். இதைத்தான் யோசித்தேன். வேறு பெரிதாக ஒன்றும் இல்லை. கோபம்கூட இல்லை.

ரொம்ப நேரம் கழித்து அந்த அம்மா மறுபடியும் பேசினார். நான் புகார் சொல்ல வந்து நிற்கிறேன் என்று நினைத்துவிட்டார் போல.

"தட்டினது தொந்தரவா இருந்திருந்தா மன்னிச்சிருங்கண்ணா. எழுதிடாதீங்க. இனிமே தட்டல."

நான் சத்தம் வராமல் இறங்கி வந்தேன். இரவு வரை ஸ்டூலில் நின்று காத்திருந்தேன். அதற்குப் பிறகு ஒரு தட்டல்கூட வரவில்லை. அந்த அம்மாவைப் பற்றி நான் நல்லதாக ஒன்றுமே எழுதியதில்லை என்று சொன்னீர்களே, இதை எழுதிக்கொள்ளுங்கள்: சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அண்டை வீட்டுக்காரர் என்றால் அப்படி இருக்க வேண்டும்.