ஜூலையில் அடைத்த தோட்டாக்கள்

மெரிலேண்ட்ஸில் ஜூலை மாதக் காலைகளில் காரின் முன்கண்ணாடியில் பனி உறைந்திருக்கும். அதன்மேல் சுடுதண்ணீர் ஊற்றக் கூடாது, கண்ணாடி வெடித்துவிடும். நாங்கள் சிட்னிக்கு வந்த முதல் குளிர்காலத்தில் இதை எனக்குச் சொல்லித் தந்தவர் விக்னராஜா அண்ணை. இந்த நாட்டில் எனக்குத் தெரிந்த பெரும்பாலானவை அவர் சொல்லித் தந்தவைதான்.

தமிழிலேயே எழுதலாம், மொழிபெயர்க்க ஆள் இருக்கிறது என்றீர்கள், சார்ஜன்ட். நன்றி. ஆங்கிலத்தில் எழுதினால் அவசரப்பட்டுவிடுவேன்.

என் பெயர் யோகேஸ்வரன். வயது முப்பத்தாறு. யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படிப்பித்தவன். ரஞ்சினி என் மனைவி. விக்னராஜா அவளுடைய ஒரே அண்ணன். என்னைவிட எட்டு வயது மூத்தவர், கல்யாணம் செய்யாதவர். 1973இல் எங்களை இங்கே கூப்பிட்டவர் அவர். அவருடைய வீட்டில் எங்களுக்கு ஓர் அறை. அவர் மேற்பார்வையாளராக இருந்த பெயின்ட் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை. காலையில் அவருடைய காரில் போவேன், பின்னேரம் அவருடைய காரில் திரும்புவேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவரே ஆய்வுகூட வாசலுக்கு வந்து கூப்பிடுவார். என் கடவுச்சீட்டு அவருடைய அலுமாரியில் பத்திரமாக இருந்தது. அவரைக் கெட்ட மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருநாளும் என்னை ஏசியதில்லை. எனக்குச் சப்பாத்து வாங்கும்போதுகூடக் குனிந்து, பெருவிரலை அமத்திப் பார்த்து, "இது கடிக்காது யோகு" என்று சொன்ன பிறகுதான் வாங்குவார்.

இரண்டாம் வருடம் வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு ஃபிளாட் வாடகைக்கு வந்தது. ஒருவருக்கும் சொல்லாமல் ரயிலேறிப் போய்ப் பார்த்தேன். சின்னக் குசினி. ஜன்னலைத் திறந்தால் தண்டவாளம். எனக்குப் பிடித்திருந்தது. ரஞ்சினியிடம் சொன்னேன்.

"அண்ணையைக் கேட்டிட்டுச் சொல்லுறன்" என்றாள்.

சாப்பாட்டு மேசையில் வைத்தே கேட்டாள். அண்ணை சிரித்தார்.

"இஞ்ச என்ன குறை, யோகு? அந்தக் கதிரை முதுகு நோகுது எண்டனீ. புதுசு வாங்குவம்."

அடுத்த கிழமையே புதுக் கதிரை வந்தது. நல்ல கதிரை. ஃபிளாட்டைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

அண்ணை சனிக்கிழமைகளில் துவக்குச் சுடும் கிளப் ஒன்றுக்குப் போவார். வின்ட்சருக்கு அப்பால், மேட்டு நிலத்தில், தூரத்தில் நட்ட பலகைகளைச் சுடுவார்கள். கடைத் தோட்டாக்கள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை என்பதால் அங்கே பலர் சுட்டு வெறுமையான தோட்டாக் கோதுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, புதுக் குண்டை வைத்து அழுத்தித் தாங்களே தோட்டா செய்வார்கள். "கெமிஸ்ட்ரி படிச்சவன் வீட்டில இருக்கேக்க நான் ஏன் கஷ்டப்பட வேணும்?" என்று அண்ணை கராஜில் எனக்கு ஒரு மேசை போட்டுத் தந்தார். சின்னத் தராசு ஒன்றும் வாங்கித் தந்தார். அந்த வேலை எனக்குப் பிடித்தது. மருந்து நிறுக்கும்போது பேச்சுக் கொடுக்கக் கூடாது என்று அவரே சட்டம் போட்டிருந்தார். அந்த வீட்டில் என்னைத் தனியே விட்ட இடம் அது ஒன்றுதான்.

மருந்துகளைப் பற்றி ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிய வேண்டும். சில மருந்துகள் வெயிலையும் குளிரையும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. பனிக்காலத்தில் தருகிற வேகத்தைத்தான் கோடையிலும் தரும். வேறு சில அப்படியில்லை. சூடேறினால், சுடும்போது துவக்குக் குழலுக்குள் அமுக்கம் ஏறிக்கொண்டே போகும். நாங்கள் பாவித்தது முதல் வகை, கப்பலில் வருவது. 1976 குளிர்காலத்தில் துறைமுகத்தில் வேலைநிறுத்தம். பரமட்டாவில் நாங்கள் வாங்குகிற கடையில் மாதக்கணக்காக அந்த மருந்து ஒரு பேணிகூட இல்லை. கடைக்காரர் இராணுவத்தில் மிஞ்சிய பழைய மருந்து ஒன்றைக் காட்டினார். நேர்மையான மனிதர். இது சூட்டுக்கு ஆகாது, கோடை வந்தால் அளவைக் குறைத்துக்கொள் என்று இரண்டு தடவை சொன்னார். அவரிடம் விசாரிக்கப் போனீர்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்மேல் ஒரு பிழையும் இல்லை.

ஜூலையில், புல்லில் பனி கிடந்த காலைகளில், அந்த மருந்தைச் சோதித்தேன். அந்தக் குளிரில் துவக்கு தாங்கக்கூடிய எல்லைவரை அளவை ஏற்றினேன். இலக்கில் குண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி விழுந்தன. அண்ணைக்குச் சந்தோஷம். ஐம்பது தோட்டா அடைத்து, "ஜூலை" என்று பெட்டியில் ஒட்டினேன்.

பிறகு எனக்கு ஓர் ஆர்வம். ஆய்வுகூடத்தில் பெயின்ட் தகடுகளை வெயில் சூட்டில் வைத்துப் பார்க்கிற அலுமாரி இருக்கிறது. மூன்று தோட்டாக்களை அதில் வைத்துச் சூடாக்கி, வாயகன்ற ஃபிளாஸ்க்கில் போட்டு, கிளப்புக்குக் கொண்டுபோனேன்.

"என்ன, சூப்பே?" என்று கேட்டார் அண்ணை.

"ஓம்" என்றேன்.

அவர் தேத்தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் ஒன்றை மட்டும் சுட்டேன். குழலின் பின்வாயை அடைக்கிற போல்ட் அமுக்கத்தில் இறுகி, இரண்டு கையாலும் அடித்துத்தான் திறக்க முடிந்தது. மற்ற இரண்டையும் சுடவில்லை. அளவுகளைக் குறிக்கிற கொப்பியில் "கோடைக்கு ஆகவே ஆகாது" என்று எழுதி அடிக்கோடு போட்டேன். அந்தக் கொப்பியை இதோடு சேர்த்துத் தருகிறேன். கையெழுத்து என்னுடையது.

மிச்சத் தோட்டாக்களைக் கழற்றி மருந்தைக் கொட்டியிருக்க வேண்டும். ஒரு பின்னேர வேலை. செய்யவில்லை. நவம்பரில் நல்ல மருந்து வந்துவிட்டது, புதிதாக அடைத்தேன். ஜூலைப் பெட்டி தட்டின் பின்பக்கத்தில் கிடந்தது. அதுவரை என்னிடம் இருந்தது சோம்பல் மட்டும்தான். வேறு ஏதாவது இருந்திருந்தாலும் எனக்குத் தெரியவில்லை.

இந்த ஜனவரி முதல் கிழமையில் அண்ணை ஒரு பெரிய தாளைச் சாப்பாட்டு மேசையில் விரித்தார். காணி வாங்கிவிட்டார். வீட்டின் படம் அது. கீழே அவர், மேலே நாங்கள். மேல்மாடிக்கு ஒரே ஒரு படிக்கட்டு. அது அவருடைய முன்னறைக்கு உள்ளால் ஏறியது.

"கிழண்டிப் போகுமட்டும் ஒண்டாயிருப்பம்" என்றார்.

ரஞ்சினி கைதட்டினாள். "அவருக்கு ஒரு சின்ன லேப் போட்டுக் குடுங்கோ அண்ணை" என்றாள்.

"அது ஏற்கெனவே கீறியாச்சு" என்று அண்ணை தாளில் ஒரு மூலையைத் தொட்டுக் காட்டினார். என் அறைக்கு அவர் ஜன்னல் வைக்கவில்லை. மருந்துக்கு வெயில் படக் கூடாதாம். அவர் சொன்னது சரி.

மறுநாள் காலை கராஜுக்குப் போய் ஜூலைப் பெட்டியை எடுத்தேன். ஒட்டியிருந்த தாளை ஈரத்துணியால் துடைத்து உரித்தேன். "நவம்பர்" என்று புதுத் தாள் ஒட்டினேன். ஐந்து நிமிடம் போயிருக்கும்.

அந்தச் சனிக்கிழமை வெயில் நாற்பத்தொரு பாகை. பெட்டியைக் காரின் பின்கண்ணாடிக்குக் கீழே உள்ள தட்டில் வைத்தவன் நான். வெயில் விழுகிற பக்கமாகக் காரை நிறுத்தியவர் அண்ணை. மர நிழல்களை மற்றவர்கள் ஏற்கெனவே பிடித்துவிட்டார்கள். இரண்டு மணித்தியாலம் பெட்டி அங்கேயே இருந்தது.

ரஞ்சினி கிளப்புக்கு வருவதில்லை. அன்று வீட்டுக்குள் இருக்க முடியவில்லை என்று சாப்பாட்டுக் கூடையோடு வந்தாள். வருகிறாள் என்பது காலையிலேயே எனக்குத் தெரியும். பார்த்துக்கொண்டு நிற்பாள் என்றுதான் நினைத்தேன்.

அண்ணை பெட்டியை எடுத்துவந்து திறந்தார். பிறகு திரும்பி, "ரஞ்சி, நீயும் ஒருக்காச் சுட்டுப் பாரன்" என்றார். பாயில் அவளைப் படுக்க வைத்து, மணல் பையைச் சரிசெய்து, துவக்கைத் தோளில் எப்படி வைப்பது என்று காட்டிக் கொடுத்தார். தோட்டாவை அவரே போட்டார். நான் மூன்று அடி தள்ளி நின்றேன்.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் இறந்தாள். போல்ட் பின்பக்கமாகப் பறந்திருந்தது. மற்றவை உங்கள் அறிக்கையில் இருக்கின்றன.

ஆஸ்பத்திரி நடைபாதையில் அண்ணை என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் சட்டை முழுக்க இரத்தம். பெட்டி மாறிப்போய்விட்டது, நான் அளவில் பிழை விட்டுவிட்டேன் என்று அவர் நினைத்தார். காதுக்குள் சொன்னார்: "நீ வாயைத் திறக்காதை. நான்தான் அடைச்சனான் எண்டு சொல்லிட்டன். உனக்கு ஒண்டும் வராது. நான் பார்த்துக்கொள்ளுறன்."

மூன்று கிழமையாக அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். சோறு ஆக்கினார். என் சட்டைகளைத் தோய்த்து அயர்ன் பண்ணினார். வழக்கறிஞரிடம் தானே போய்வந்தார். நீங்கள் அவர்மேல் வழக்குப் போடப் போகிறீர்கள் என்று தெரிந்த பிறகும், "பயப்பிடாதை யோகு, காணி அப்பிடியே இருக்கு, நான் வந்து வீட்டைக் கட்டுவன்" என்றார். இன்று காலை அவர் எழும்ப முன்பு ரயிலேறி இங்கே வந்தேன். அவரைக் காப்பாற்ற வரவில்லை. நடந்ததை அவர் கைப்பிழை என்று சொல்கிறார். அது பிழை இல்லை. நான் யோசித்துச் செய்த காரியம். அதையும் அவர் தன் பெயரில் எழுதிக்கொள்ள நான் விடமாட்டேன்.

ரஞ்சினியை நான் கொல்ல நினைக்கவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அவளில் ஒரு குறையும் இல்லை. அவள் பாயில் படுத்த பிறகு எனக்கு ஒரு நிமிடம் இருந்தது, கூடவும் இருந்திருக்கலாம். "அந்தப் பெட்டி வேண்டாம்" என்று மூன்று சொல் சொல்லியிருக்கலாம். அண்ணை ஏன் என்று கேட்டிருப்பார். நான் விளக்கியிருக்க வேண்டும். அவர் மன்னித்திருப்பார். மூவரும் காரில் ஏறி வீட்டுக்குப் போயிருப்போம்.

அவள் கன்னத்தைத் துவக்கில் வைத்தாள். பிறகு முகத்தைத் தூக்கி, அண்ணையைப் பார்க்காமல், என்னைப் பார்த்தாள்.

"என்னப்பா, சுடட்டே?"

கல்யாணம் செய்த நாளிலிருந்து அவள் என்னிடம் அனுமதி கேட்டது அது ஒரு தடவைதான். ஓம் என்றேன். வேறு என்ன சொல்லியிருந்தாலும் அவள் மனம் நொந்திருக்கும்.