பின் சீட்டில் புத்தர்

சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் பெங்களூர் ரயில் ஏறியதும் எதிர் சீட்டில் கேட்ட முதல் வார்த்தையே, "புத்தருக்கு இன்னாத்துக்குப்பா ஹெல்மெட்டு?"

சொன்னவர் பெங்களூரில் கார் ஓட்டுகிறவர். பக்கத்தில் இருந்த செக்யூரிட்டி சட்டைக்காரர் விழித்தார்.

"இன்னாண்ணா சொல்ற?"

"பௌர்ணமிக்கு நம்ம லைன் வூடுங்களாண்ட கீற விகாரைக்குப் புது புத்தர் செலை எடுத்தாந்தேன். சால்வைய சுத்தி என் பைக்ல பின்னாடி குந்த வெச்சி கயிறால கட்டினேன். சிக்னல் கேமரா போட்டோ புட்சிட்டு, பின்னாடி குந்தினவரு ஹெல்மெட் போடலன்னு போன்ல மெசேஜ் அனுப்பிட்ச்சி."

"ரூல்ஸ்னா ரூல்ஸ்தானே?"

"மூச்சு வுடுறவனுக்குப்பா ரூல்ஸு! இன்னொரு கேஸ் ஏறினா என் லைசென்ஸ புடுங்கிடுவாங்க. பொழப்பே அதுல கீது."

"அப்பறம்?"

"போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். கம்ப்யூட்டர் சொன்னா சொன்னதுதான், பின்னாடி இருந்த ஆள இட்டுனு வான்னாரு இன்ஸ்பெக்டரு. இட்டுனு போனேன். அதே சால்வை, அதே கயிறு. ஜன்னலுக்கு நேரா வண்டிய நிறுத்தி, வந்துட்டாரு சார்னேன்."

பக்கத்து சீட்டுக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"வெளிய வந்து பாத்தாரு. ஷூவ கழட்டிட்டுக் கும்புட்டாரு. உள்ள போயி கேஸ ரத்து பண்ணிட்டாரு!"

பெட்டியே கைதட்டியது. செக்யூரிட்டிக்காரர் மட்டும் விடவில்லை.

"திரும்பி வர்றப்ப அதே சிக்னல்தானேண்ணா? கேமரா மறுபடியும் புட்சிருக்குமே?"

"புடிக்கட்டும்! எத்தினி தபா கூப்ட்டாலும் அவரு வருவாரு. அவருக்கு இன்னா, வேலைக்கா லேட்டாவுது?"