அறுநூற்றுப் பன்னிரண்டாம் பதிவு

மேடையில் அமர்ந்திருக்கும் திருமதி ஹில்டா தர்ல்பி அவர்களே! மாவட்டத் தொல்லியல் அலுவலகத்திலிருந்து வந்திருக்கும் டாக்டர் ஹாப்குட் அவர்களே! உங்கள் வயல்களை நம்பி எங்கள் கையில் விட்ட விவசாயப் பெருமக்களே! சேற்றுக் காலணிகளை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு வெறும் காலுறையோடு இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும், மண்ணுக்குள் உலோகம் தேடும் ஹாலோபி டிடெக்டர் சங்கத் தோழர்களே! எல்லாருக்கும் கனத்த மனதோடு என் வணக்கம்.

நான் கிளிஃபர்ட். நாற்பது வருடம் இந்த ஊருக்கு இறைச்சி வெட்டிக் கொடுத்தவன். பதினெட்டு வருடமாக இந்தச் சங்கத்தின் தலைவன். எனக்குப் பேச வராது, கத்தத்தான் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். பின்வரிசையில் யாரோ சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. இன்றைக்கு நான் கத்தப் போவதில்லை.

யாரை இழந்து நிற்கிறோம் நாம்? முப்பத்தொரு ஆண்டுகள் இந்தச் சங்கத்தின் கண்டெடுப்புப் பதிவாளராக இருந்த வில்ஃப்ரெட் தர்ல்பி அவர்களை இழந்து நிற்கிறோம். தன் டிடெக்டரை ஆட்டியதைவிட அடுத்தவன் குழியருகே முழங்காலிட்டு உட்கார்ந்திருந்த நேரமே அதிகம் என்று சொல்லத்தக்க ஒரே மனிதரை இழந்து நிற்கிறோம்! நமக்கெல்லாம் மண்ணுக்குள் என்ன கிடக்கிறது என்றுதான் ஆசை. அவருக்கோ அது எங்கே கிடந்தது என்பதில்தான் ஆசை.

ரயில்வேயில் சிக்னல் கேபினில் வேலை பார்த்தவர் அவர். எந்த வண்டி எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்குக் கடந்தது என்று எழுதி எழுதிப் பழகிய கை. ஓய்வு பெற்ற மறு மாதமே நம் சங்கத்துக்கு வந்தார். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே, "நீங்கள்லாம் எடுக்கிறீங்க சரி, யாரு எழுதுறா?" என்று கேட்டார். ஒருவரும் எழுதவில்லை. அன்றைக்கே ஒரு நோட்டுப் புத்தகம் போட்டார். இப்போது அவை ஒன்பது. எண், தேதி, பொருள், ஆழம், கண்டெடுத்தவர், வரைபடத்தில் அந்த இடத்துக்குரிய பத்து இலக்கம், கடைசியாகப் பதிவு செய்தவர் பெயர். இந்த ஏழு கட்டங்களில் ஒன்றுகூடக் காலியாக இருக்க அவர் விட்டதில்லை.

பொற்காசு எடுத்தவனுக்கு மட்டுமா எழுதினார்? இல்லை! சேர்ந்த அன்று வெறும் பித்தளைப் பொத்தான் எடுத்து, கூச்சத்தில் அதைப் பையில் ஒளித்தவர்கள் எத்தனை பேர் இங்கே இருக்கிறீர்கள்! அந்தப் பையைத் திறக்கச் சொல்லி, அந்தப் பொத்தானையும் அதே மரியாதையோடு எழுதியவர் வில்ஃப்ரெட். "ஏங்க, இது வெறும் பொத்தான்" என்று சொன்னால், "பொத்தான் இருந்தா சட்டை இருந்திருக்கும். சட்டை இருந்தா ஆள் இருந்திருப்பான். எத்தனை அங்குலம் ஆழம்?" என்பார். சோடா டப்பாவின் வளையத்தையும் எழுதுவாரா என்று ஒருநாள் நான் கிண்டலாகக் கேட்டேன். "உன் பேர்ல முந்நூறு இருக்கு, எழுதட்டுமா?" என்று திருப்பிக் கொடுத்தார்.

எல்லாரும் கிளம்பிய பிறகு வயலை ஒரு சுற்று வருவாரே, நினைவிருக்கிறதா? நாம் அரைகுறையாக மூடிய குழிகளை மண்ணிட்டு மிதித்துவிட்டுத்தான் வண்டியில் ஏறுவார். நாம் அங்கே தேநீரைக் குடித்துக்கொண்டு, திராட்சை ரொட்டியைத் தின்றுகொண்டு, "கிழவன் இன்னும் வரலையே" என்று அலுத்துக்கொள்வோம். மால்ட்பி பண்ணையில் இருபத்தைந்து வருடமாக நம்மை உள்ளே விடுகிறார்கள் என்றால் அது என் அழகான முகத்துக்காகவா? அந்தக் கடைசிச் சுற்றுக்காக!

ஹில்டா என்னிடம் சொன்னது இது. "மூக்குக்கண்ணாடிய எங்க வச்சாருன்னு கேட்டா தெரியாது கிளிஃப். தொண்ணூத்தி ஆறுல ஒரு செப்புக்காசு எந்த வயல்ல எந்த மூலையில கிடந்துச்சுன்னு கேளு, தூக்கத்துலயும் சொல்லுவாரு." அவரோடு ஐம்பத்திரண்டு வருடம் குடும்பம் நடத்தியவர் சொல்கிறார். இதைவிடப் பெரிய பாராட்டு நான் என்ன சொல்லிவிட முடியும்?

சரி. இனிமேல்தான் நான் பேச வந்ததைப் பேச வேண்டும்.

அந்த ஒன்பது நோட்டுகளையும் மாவட்டப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும் என்பது வில்ஃப்ரெட்டின் ஒரே ஆசை. அவருக்கு வேறு எந்த ஆசையும் இருந்ததாக நான் அறியேன். போன மாதம் ஹில்டா அலுவலகத்துக்கு எழுதினார். பதில் வந்தது. மரியாதையான கடிதம்தான். நோட்டுகளைப் பாதுகாத்து வைத்துக்கொள்கிறோம். ஆனால் பதிவேட்டில் ஏற்ற இயலாது. இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு அகழாய்வில் இந்தப் பதிவுகள் பிழையென்று தெரியவந்தது. இதுதான் கடிதம். டாக்டர் ஹாப்குட், உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை. நீங்கள் அப்போது இந்த வேலையிலேயே இல்லை. கோப்பில் இருந்ததைப் பார்த்து எழுதினீர்கள்.

அந்த அகழாய்வு இங்கே பலருக்கு நினைவிருக்கும். அதற்கு முந்தின அக்டோபரில் மால்ட்பியின் பார்லி அறுத்த வயலில் ஓர் ஊக்கு கிடைத்தது. ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முன் ஒரு பெண் தன் மேலாடையைத் தோளில் பிணைக்கக் குத்திய ஊக்கு. உள்ளங்கை நீளம், வெண்கலம், மேலே பொன்முலாம், முகம் முகமாகச் செதுக்கல். அப்படி ஒரு பொருள் தனியாகக் கிடக்காது, பக்கத்தில் கல்லறைகள் இருக்கும் என்றார்கள். மறு கோடையில் அலுவலகத்தார் வந்தார்கள். வில்ஃப்ரெட்டின் நோட்டில் இருந்த பத்து இலக்கத்தில் குச்சி நட்டு, இரண்டு வாரம் தோண்டினார்கள். என்ன கிடைத்தது? ஒரு பழைய வடிகால் குழாய். ஒரு செத்த ஆட்டின் எலும்பு. அவ்வளவுதான்!

கடைசி நாளன்று தோண்ட வந்த அதிகாரி நம் எல்லார் முன்னாலும் வில்ஃப்ரெட்டைப் பார்த்து, "உங்க நோட்ட நம்பித்தான் இத்தனை பேரக் கூட்டிக்கிட்டு வந்தேன் சார். இனிமே இத எப்படி நம்புறது?" என்று கேட்டார். வில்ஃப்ரெட் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நானும் இரண்டடி தள்ளி நின்றேன்.

அறுநூற்றுப் பன்னிரண்டாம் பதிவு அது. அந்த ஊக்கைக் கண்டெடுத்தவன் நான். அதற்குத்தான் ஆண்டின் சிறந்த கண்டெடுப்புக்கான சங்கக் கோப்பையை வாங்கினேன். அந்தக் கோப்பையின் பேரில்தான் தலைவனானேன்.

அவையோரே, அந்த ஊக்கு மால்ட்பியின் வயலில் கிடைக்கவில்லை.

இருங்கள், உட்காருங்கள். முழுதும் சொல்லிவிடுகிறேன். நடுவில் நிறுத்தினால் எனக்கு மறுபடி தைரியம் வராது.

சங்கத்தில் சேர்ந்து பதினோரு வருடமாகியும் பொத்தானும் ஈயக் குண்டும் தவிர நான் ஒன்றும் கண்டதில்லை. அன்றைக்கு மத்தியானம் ஒண்ணுக்குப் போக வேண்டும் என்று வயலோரத்து ஓடையைத் தாண்டி அந்தப் பக்கம் முட்புதருக்குப் பின்னால் போனேன். அது திருமதி பிரிஸ்டோவின் நிலம். டிடெக்டர்காரன் எவனும் கால் வைக்கக் கூடாது என்று அவர் அடித்துச் சொல்லியிருந்த நிலம். திரும்பும்போது கருவியை அணைத்திருக்க வேண்டும். அணைக்கவில்லை. கத்தியது. அப்படி ஒரு சத்தம் அதற்கு முன் நான் கேட்டதே இல்லை.

தோண்டினேன். எடுத்தேன். சட்டைக்குள் போட்டுக்கொண்டு ஓடையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தேன். மால்ட்பியின் வயலில் ஒரு குழி பறித்தேன். அப்புறம்தான் கத்தினேன். நீங்கள் எல்லாரும் ஓடி வந்தீர்கள். என்னைத் தூக்கிவைத்து ஆடினீர்கள். வில்ஃப்ரெட் மட்டும் ஆடவில்லை. முழங்காலிட்டுக் குழியைப் பார்த்தார். என் கையிலிருந்த ஊக்கைப் பார்த்தார். "இங்கதானே கிளிஃப்?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். "பின்ன எங்க? கண்ணு தெரியலையாய்யா உனக்கு?" என்று எரிந்து விழுந்தேன். அவர் எழுதிக்கொண்டார்.

இப்படி ஒரு பொய்யை நம்மைப் போன்ற டிடெக்டர்காரன்தான் சொல்ல முடியும். ஊக்கு நிஜம். தேதி நிஜம். ஆழம்கூட நிஜம். இடம் மட்டும் பொய். அதில் என்ன வந்துவிடப் போகிறது என்று அன்றைக்கு நினைத்தேன். இடத்தைத் தவிர வேறொன்றையும் பெரிதாக நினைக்காத ஒரு மனிதரின் நோட்டில் போய் அதைச் சொன்னேன்! என்னால் அவருடைய ஆயிரத்தெண்ணூறு பதிவுகள் பொய்யாகிப் போயின. பதினெட்டு வருடம் அவர் அந்த அவமானத்தைச் சுமந்தார், நான் கோப்பையை அலமாரியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது. என்னை நினைத்தாலே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

போன மாதம் மருத்துவமனைக்குப் பார்க்கப் போனேன். ஜன்னலோரக் கட்டில். என்னைக் கண்டதும் ஹில்டாவிடம், "அந்த மூணாவது நோட்ட எடு கண்ணு" என்றார். பக்கத்தைத் திருப்பி என் மடியில் வைத்தார். பக்கம் முழுதும் கறுப்பு மை. ஒரு வரியில், ஒரே ஒரு கட்டம் மட்டும் பென்சில். அறுநூற்றுப் பன்னிரண்டு, இடம்.

"எப்ப தெரியும் வில்ஃப்?" என்று கேட்டேன்.

"அன்னிக்கேதான். குழி முழுக்க மஞ்சக் களிமண்ணு. ஊக்குல ஒட்டியிருந்தது கறுப்பு மண்ணு. ஓடைக்கு அந்தப் பக்கம்தான் கறுப்பு."

"அடப்பாவி! அந்த ஆளு உன்ன நாலு பேரு முன்னால அப்படிக் கேக்கும்போது சொல்லியிருக்கலாமேய்யா!"

"நான் சொன்னா அது புகாருடா. எடுத்தவன் வாயால சொன்னாத்தான் அது பதிவு. நீ சொல்லுவேன்னு பாத்தேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "என்ன, கொஞ்சம் நேரம் எடுத்துக்கிட்ட."

பதினெட்டு வருடம்! கொஞ்சம் நேரமாம்! அழுதேன். கசாப்புக் கடைக்காரன் மருத்துவமனைக் கட்டிலோரம் உட்கார்ந்து அழுததை ஹில்டா பார்த்தார். வருகிற ஞாயிறு கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிடுகிறேன் என்று கையைப் பிடித்துச் சொன்னேன். "மழை இல்லாத நாளாப் பாத்து சொல்லு, நெறய பேரு வருவாங்க" என்றார். அந்த ஞாயிறுக்கு முன்பே, வியாழக்கிழமை அவர் போய்விட்டார். இப்படித்தான், அவர் கேட்க வேண்டியதை அவர் இல்லாத மண்டபத்தில் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நேற்றுக் காலை நானும் ஹில்டாவும் திருமதி பிரிஸ்டோ வீட்டுக் கதவைத் தட்டினோம். அதோ மூன்றாவது வரிசையில் அவரே இருக்கிறார். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "திருட்டு ஒரு பக்கம் கெடக்கட்டும். என் வேலியில ஒண்ணுக்கும் போயிருக்கியே நீ!" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு அவரே காலணியை மாட்டிக்கொண்டு, "வா, எந்த இடம்னு காட்டு" என்று முன்னால் நடந்தார். நிற்கும் இடத்தின் பத்து இலக்கத்தைக் காட்டும் வில்ஃப்ரெட்டின் கைக்கருவியை ஹில்டா கொண்டுவந்திருந்தார். அந்த முட்புதர் எனக்கு மறக்கவே இல்லை. நேராகப் போய் நின்றேன். இலக்கத்தை ஹில்டா படித்தார், நான் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டேன்.

தோழர்களே! இரங்கல் கூட்டத்தில் அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்வது வழக்கம். நானும் சொல்கிறேன். இந்தத் தலைவர் வில்லையைக் கழற்றி மேசைமேல் வைக்கிறேன். கோப்பையும் பக்கத்தில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். என்னைச் சங்கத்தில் வைப்பதா விரட்டுவதா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். விரட்டினாலும், ஞாயிறு மாலை நீங்கள் எல்லாரும் கிளம்பிய பிறகு வயலை ஒரு சுற்று வந்து குழிகளை மூடிவிட்டுப் போவேன். அதை யாரும் தடுக்க முடியாது. இது வில்ஃப்ரெட் தர்ல்பி அவர்கள் பெயரால் நான் தரும் வாக்கு!

டாக்டர் ஹாப்குட் அவர்களே, உங்களிடம் ஒரே கோரிக்கை. ஒரு பொய்யன் சொன்ன ஒரு வரிக்காக ஓர் உண்மையானவரின் ஒன்பது நோட்டுகளைத் தள்ளிவிடாதீர்கள். திருமதி பிரிஸ்டோ தன் நிலத்தைத் தோண்ட அனுமதி தந்திருக்கிறார். வந்து தோண்டிப் பாருங்கள். ஊக்கு குத்திய அந்தப் பெண் அங்கே இருப்பாள்.

ஹில்டா, நோட்டைத் திறந்துகொள்ளுங்கள். மைப்பேனா இருக்கிறதல்லவா? எடுத்தவன் வாயால் சொல்கிறேன், எழுதுங்கள். நான்கு, ஒன்று, இரண்டு, எட்டு, ஆறு. ஏழு, பூஜ்யம், மூன்று, ஐந்து, ஒன்பது.

எழுதிவிட்டீர்களா? கண்டெடுத்தவர், கிளிஃபர்ட். அது அப்படியே இருக்கட்டும். கடைசிக் கட்டத்தைத் தொட வேண்டாம். பதிவு செய்தவர், வில்ஃப்ரெட் தர்ல்பி.